விண்டோஸை மாற்றிப் போட்டும் புளூ ஸ்கிரீன் நிற்கவில்லை: ரேம்தான் காரணமா?

ஆல்பம்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். முகூர்த்த மாதம் என்பதால் வேலை குவிந்து கிடக்கிறது. இந்த நேரம் பார்த்துக் கணினி படுத்துகிறது.

ரைசன் 5 5600, பி550 மதர்போர்ட், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), விண்டோஸ் 11. வாங்கும்போது 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன, டிடிஆர்4, 3200 வேகம். போட்டோஷாப்புக்குப் பற்றவில்லை என்று போன மாதம் வேறு கம்பெனியின் 8 ஜிபி ரேம் இரண்டு வாங்கி மாட்டினேன். இப்போது நான்கு ஸ்லாட்டும் நிறைந்து 32 ஜிபி.

வேலை நடுவில் திடீர் திடீரென்று புளூ ஸ்கிரீன் வருகிறது. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த தடவை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அப்புறம் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. சில நாள் புளூ ஸ்கிரீன் வராது, போட்டோஷாப் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். குரோமில் டேப் செயலிழக்கும். வாடிக்கையாளர் அனுப்பிய ஸிப் கோப்பை விரித்தால் சிஆர்சி பிழை, அதாவது கோப்பு கெட்டிருக்கிறது, என்கிறது. அதே கோப்பு என் மனைவியின் லேப்டாப்பில் ஒழுங்காக விரிகிறது.

பக்கத்துக் கடையில் காட்டினேன். ஃபார்மேட் அடித்து விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே மறுபடி புளூ ஸ்கிரீன். இப்போது எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பார்த்தேன், பிழை எதுவும் இல்லை என்றுதான் வந்தது.

கரூர்க்காரன் எழுதியது:

மெமரி டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது என்றால் ரேமை விட்டுவிடுங்கள். நான்கு ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்தால் 550 வாட் இழுத்துப்பிடித்துத்தான் ஓடும். நம் ஊர் கரண்டில் வோல்டேஜ் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்எம்பிஎஸ் வயதானால் இப்படித்தான் தாறுமாறாகப் பிழை வரும். என் ஓட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு.

சாலிடர் எழுதியது:

தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கணினியில் படங்களைத் திறந்து சேமிப்பதை இன்றே நிறுத்துங்கள். அதை வைத்து பேக்கப்பும் எடுக்க வேண்டாம். ஹார்டு டிஸ்கைக் கழற்றி உங்கள் மனைவியின் லேப்டாப்பில் மாட்டி அங்கிருந்து நகல் எடுங்கள். மெமரி கார்டுகளில் மூலப் படங்கள் இன்னும் இருந்தால் அவற்றை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். ரேம் கெட்டிருந்தால் டிஸ்கிலிருந்து படித்து மறுபடி எழுதும் ஒவ்வொரு கோப்பும் அந்தக் கெட்ட இடத்தைத் தாண்டிப் போக வாய்ப்பு உண்டு. புளூ ஸ்கிரீன் வந்தால் கண்ணுக்குத் தெரியும். கோப்பு கெட்டால் தெரியவே தெரியாது. எனக்குக் கவலை அதுதான்.

சரி, நோய் என்ன என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதில் முக்கியமான குறிப்பு, கோட் ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது என்பது. டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் அதே கோட், அதே டிரைவர் கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேம் கெட்டால் அப்படி இருக்காது. ஓட்டு வீட்டில் ஒரு ஓடு உடைந்திருந்தால் அதன் அடியில் அன்றைக்கு எந்தப் பொருள் இருக்கிறதோ அதுதான் நனையும். கெட்ட இடத்தில் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் அட்டவணை வந்து உட்கார்ந்தால் புளூ ஸ்கிரீன், போட்டோஷாப் உட்கார்ந்தால் போட்டோஷாப் சாகும், உங்கள் ஸிப் உட்கார்ந்தால் சிஆர்சி பிழை. விண்டோஸ் புதிதாகப் போட்டும் மாறவில்லை, அதே ஸிப் வேறு கணினியில் விரிகிறது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

அதற்காக ரேம்தான் என்று முடிவு கட்டிவிட மாட்டேன். கரூர்க்காரர் சொன்ன எஸ்எம்பிஎஸ் சந்தேகத்தை ஒரு ரூபாய் செலவில்லாமல் சோதிக்கலாம். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் கர்னல் பவர், எண் 41 என்ற பதிவுகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் விவரத்திலும் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 என்று இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரம் கிடைக்காமல் மின்சாரமே போய்விட்டது அல்லது கணினி அப்படியே உறைந்துவிட்டது என்று பொருள். எஸ்எம்பிஎஸ் கோளாறு பெரும்பாலும் அப்படித்தான் வரும்: பட்டென்று அணையும், பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும், அதுவும் கிராபிக்ஸ் கார்டு கடுமையாக வேலை செய்யும்போது. வேறு எண் இருந்தால் விண்டோஸ் பிழையைப் பார்த்து, புளூ ஸ்கிரீன் காட்டி, பிறகுதான் விழுந்திருக்கிறது.

ஓவர்கிளாக் எழுதியது:

அண்ணா, பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு, ஆனில் இருக்கிறதா? சில போர்டுகளில் டிஓசிபி என்று போட்டிருப்பார்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கம் போனால் வேகம் தெரியும். 3200 என்று காட்டினால் எக்ஸ்எம்பி ஆனில் இருக்க வாய்ப்பு அதிகம். ரேம் தாமாக எழும்போது 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒன்றில்தான் எழும், சிலது மட்டும் தானாகவே 3200-இல் எழும். அதற்கு மேலுள்ள எக்ஸ்எம்பி ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பைத் தாண்டி வேகப்படுத்துவது. வோல்டேஜும் 1.2-இலிருந்து பெரும்பாலும் 1.35 ஆகும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி கிட். ஒரு கிட்டில் உள்ள இரண்டும் ஒன்றாகச் சோதித்து ஒன்றாக விற்கப்படுபவை. வேறு கிட்டோடு சேர்த்து நான்காக ஓடும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகமே 3200-க்குக் கீழேதான். ரேம் நான்கும் நல்லதாக இருந்து, சேர்க்கை மட்டும் ஒத்துவராமல் போயிருக்கலாம். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பாருங்கள்.

சாலிடர் எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் முதலில் இப்போது இருக்கிறபடியே, எக்ஸ்எம்பி ஆனில் வைத்து ஒரு சோதனை ஓட்டுங்கள். அப்புறம் ஆஃப் செய்து இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ போதும், இலவசம். கிட்டத்தட்ட அதே பெயரில் மெம்டெஸ்ட்86 என்று பாஸ்மார்க் கம்பெனியின் மென்பொருளும் இருக்கிறது. அதுவும் நல்லதுதான், இலவசப் பதிப்பு நான்கு பாஸோடு (ஒரு பாஸ் என்பது ரேம் முழுவதையும் ஒரு சுற்று சோதிப்பது) நின்றுவிடும். பிளஸ் இருப்பதில் பழைய 5.01 பதிப்பை எடுக்காதீர்கள், இன்றைய கணினிகளின் யுஇஎஃப்ஐ என்ற துவக்க முறையில் அது துவங்காது. 2022-இல் வந்த 6.00-க்குப் பிறகான எதுவும் சரி. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பிடித்து வைத்திருக்கும் இடத்தை எந்த மென்பொருளாலும் சோதிக்க முடியாது. வெளியிலிருந்து பூட் செய்யச் சொல்வது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. பென்டிரைவ் துவங்காமல் செக்யூர் பூட்டை (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் துவங்க விடும் அமைப்பு) அணைக்க நேர்ந்தால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். விண்டோஸ் 11-இல் நமக்குத் தெரியாமலே ஆனில் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் அடுத்த தடவை விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸில் கை வையுங்கள். பாஸ்மார்க் பதிப்பு செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஓடும், அது வேண்டுமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு படுக்கப் போகும்போது ஓட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். 32 ஜிபிக்கு ஒரு பாஸ் முடியவே நேரம் பிடிக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ஒன்றுதானே என்று விடக்கூடாது.

ஆல்பம்கடை எழுதியது:

ஈவென்ட் வியூவர் பார்த்தேன். 41 பதிவுகள் நிறைய இருக்கின்றன. எதிலும் பக்செக்கோட் 0 இல்லை, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு எண் இருக்கிறது. மின்சாரம் போய் அணைந்தது ஒன்றுகூட இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பேக்கப் லேப்டாப் வழியாக எடுத்துவிட்டேன். மெம்டெஸ்ட் இன்றிரவு.

கர்னல்பேனிக் எழுதியது:

ஆமாம். அந்தப் பதிவுகள் எஸ்எம்பிஎஸ் சந்தேகத்தைப் பெரிதும் குறைக்கின்றன. மாற்றும் செலவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் பாஸ் ஆனது பற்றி ஒரு வார்த்தை. அதை அப்படியே ஓட்டினால் ஸ்டாண்டர்ட் என்ற நிலையில், இரண்டே பாஸ் ஓடும். தொடங்கியதும் எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்று மாற்றினால்தான் முழுச் சோதனையும் நடக்கும். அது பிழை காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் இவ்வளவு நேரம் என்றால், ரேமில் ஒரு பிட் என்பது ஒரு குட்டி கெபாசிட்டர். மின்னூட்டம் இருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் இன்னொன்று. அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு வரிசையையும் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒரு தடவை படித்துத் திரும்ப எழுத வேண்டும், சூடு 85 டிகிரியைத் தாண்டினால் அதில் பாதி நேரத்துக்குள். சில கெபாசிட்டர்கள் முழுதாகச் செத்திருக்காது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகக் கசியும். பக்கத்து வரிசையில் குறிப்பிட்ட மதிப்பு இருக்கும்போது மட்டும், அல்லது கேஸ் சூடேறிய பிறகு மட்டும் பிழை காட்டும். எல்லாவற்றிலும் 0 எழுதிப் படித்தால் சரியாக வரும். வேறு வேறு வடிவங்களில், வேறு வேறு வரிசையில் எழுதிப் படித்தால்தான் அது அகப்படும். மெம்டெஸ்ட் செய்வது அதைத்தான்.

ஆல்பம்கடை எழுதியது:

ஓட்டினேன். காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

அப்புறம் ஓவர்கிளாக் தம்பி சொன்னபடி எக்ஸ்எம்பி ஆஃப் செய்து மறுபடி ஓட்டினேன். வரிகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. மிச்சமிருப்பவற்றில் ஒன்றைக் கவனித்தேன். தோல்வியடைந்த முகவரி ஒவ்வொரு பாஸிலும் ஏறக்குறைய ஒரே இடம். எதிர்பார்த்தது என்ற கட்டத்தில் எல்லாம் எஃப் எஃப் என்று போகிறது. கிடைத்தது என்ற கட்டத்திலும் எல்லாம் எஃப், கடைசி எழுத்து மட்டும் பி. இதற்கு ஏதாவது பொருள் உண்டா?

கர்னல்பேனிக் எழுதியது:

நிறைய உண்டு. எஃப் என்பது இரும எண்ணில் 1111. பி என்பது 1011. வலமிருந்து மூன்றாவது பிட் 1 ஆக இருக்க வேண்டியது 0 ஆக வந்திருக்கிறது, மற்ற எல்லாம் சரி. ஒவ்வொரு பாஸிலும் அதே முகவரி, அதே பிட். மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க முடியாத ஒரு கெபாசிட்டரைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

எக்ஸ்எம்பி ஆனில் வந்த நூற்றுக்கணக்கான வரிகளில் பெரும்பாலானவை சேர்க்கை ஒத்துவராததால் வந்தவை என்று நினைக்கிறேன். முகவரி சிதறி, பிட்டும் மாறி மாறி இருந்தால் அப்படித்தான். அதாவது உங்களிடம் இரண்டு கோளாறு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. எக்ஸ்எம்பியை மட்டும் ஆஃப் செய்துவிட்டு, புளூ ஸ்கிரீன் குறைந்ததே என்று நிம்மதியாக இருந்திருந்தால் இந்த ஒற்றை பிட் உங்கள் படங்களைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருந்திருக்கும்.

ஒரு பிட்தானே என்று நினைப்பவர்களுக்கு: 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் நடந்த மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. கிடைத்திருக்கவே முடியாத அளவு என்பதால்தான் கண்டுபிடித்தார்கள். 4096 என்பது 2-இன் 12ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது என்பதுதான் ஆய்வு செய்தவர்கள் வந்த முடிவு.

கரூர்க்காரன் எழுதியது:

மெம்டெஸ்டில் பிழை வந்தால் ரேம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மெமரி கண்ட்ரோலர் இருப்பது சிபியுவுக்குள்ளே. ஸ்லாட்டில் தூசி இருக்கலாம். சிபியு சாக்கெட்டில் ஒரு பின் சரியாகத் தொடாமல் இருந்தாலும் அதே பிழை வருமே. இண்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை விவகாரத்தில் என்ன நடந்தது? கேம் திறந்தால் வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்தது. ஆளாளுக்கு கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள். கடைசியில் சிபியு என்று தெரிந்தது. இண்டெலே 2024-இல் மைக்ரோகோட் மாற்றி வெளியிட்டது.

கர்னல்பேனிக் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. மெம்டெஸ்ட் சொல்வது, எழுதியது ஒன்று, படித்தது வேறு என்பது மட்டுமே. வழியில் எங்கே கெட்டது என்று அது சொல்லாது. ரேம் ஸ்டிக், ஸ்லாட், போர்டில் ஓடும் தடம், சிபியுவுக்குள் உள்ள கண்ட்ரோலர், நால்வரில் யார் என்பதை மாற்றி மாட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிபியுவைத் தனியாகச் சந்தேகித்தால் பிரைம்95 உதவும். அதில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை பெரும்பாலும் சிபியுவுக்குள் உள்ள சிறு நினைவகமான கேஷுக்குள்ளேயே சுற்றும், ரேமை அதிகம் தொடாது. அதிலேயே பிழை வந்தால் சிபியு அல்லது அதன் வோல்டேஜ் பக்கம் பாருங்கள். அது ஒழுங்காக ஓடி, ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்ட் சோதனையில் மட்டும் பிழை வந்தால் ரேம் அல்லது கண்ட்ரோலர்.

சாலிடர் எழுதியது:

மாற்றி மாட்டும் முறையைச் சொல்கிறேன். முகவரியை வைத்து எந்த ஸ்டிக் என்று ஊகிக்கப் பார்க்காதீர்கள். டூயல் சேனலில் அடுத்தடுத்த முகவரிகள் இரண்டு பக்கமும் பிரித்து வைக்கப்படும், அதனால் கணக்குப் பிடிபடாது.

எக்ஸ்எம்பி ஆஃபிலேயே இருக்கட்டும். கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேஸின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கைத் தொடுங்கள். நான்கையும் கழற்றி, மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பிறகு ஒன்றை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் மாட்டுங்கள், சிபியுவிலிருந்து எண்ணினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவது. கிளிக் என்ற சத்தம் வரும்வரை இரண்டு முனையையும் அழுத்த வேண்டும். மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். இப்படியே நான்கையும் அதே ஸ்லாட்டில்.

ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அந்த ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் மாட்டி உறுதி செய்யுங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட் அல்லது போர்டு. எல்லா ஸ்டிக்கிலும் எல்லா ஸ்லாட்டிலும் வந்தால் கரூர்க்காரர் சொன்ன கண்ட்ரோலரை அப்போது பார்ப்போம்.

புதிதாக வாங்கியதுதான் கெட்டிருக்கும் என்று அதை மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள். நான்கையும் ஓட்டுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். என் லேப்டாப்பிலும் மெம்டெஸ்டில் பிழை வருகிறது, அதுவும் ஒரே இடத்தில்தான். ஆனால் ரேம் போர்டோடு சேர்த்து சாலிடர் செய்தது, கழற்ற வழியில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட புது லேப்டாப் விலை. வேறு வழி உண்டா?

கர்னல்பேனிக் எழுதியது:

ஒரு மாற்று வழி உண்டு அக்கா, ஆனால் நிரந்தரத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். கெட்ட இடத்தைத் தொடாதே என்று இயங்குதளத்திடம் சொல்லிவிடலாம். விண்டோஸில் பிசிடிஎடிட் கட்டளை வழியாக பேட்மெமரிலிஸ்ட் என்ற பட்டியலில் பக்க எண்ணைச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் 4 கேபி. அதனால் மெம்டெஸ்ட் காட்டும் பதினாறடிமான முகவரியில் கடைசி மூன்று இலக்கத்தை நீக்கினால் வருவதுதான் பக்க எண். பக்கத்திலுள்ள சில பக்கங்களையும் சேர்த்தே விலக்குங்கள். லினக்ஸ் என்றால் கர்னலுக்கு மெம்மேப் என்ற அளவுருவைக் கொடுக்கலாம், அல்லது கிரப் அமைப்பில் பேட்ரேம் வரியைச் சேர்க்கலாம். மெம்டெஸ்ட்86+ அந்த பேட்ரேம் வடிவத்திலேயே பிழைகளைக் காட்டும்.

இது ஒரே இடத்தில் நிலையாக வரும் பிழைக்கு மட்டும்தான். இடம் மாறிக்கொண்டே இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் கூடினாலோ அந்த லேப்டாப்பில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவையாவது மறுபடி சோதியுங்கள்.

ஆல்பம்கடை எழுதியது:

முடிவு தெரிந்துவிட்டது. புதிதாக வாங்கிய இரண்டும் சுத்தம். பழையதில் ஒன்றும் சுத்தம். பழையதில் மற்றொன்று, 2 என்று எண் போட்டது, முதல் பாஸ் முடிவதற்குள் சிவப்பு. அதையே பி2 ஸ்லாட்டில் மாட்டினேன், அங்கும் சிவப்பு, அதே கடைசி எழுத்து பி. ஏ2-வில் மற்ற மூன்றும் பாஸ் ஆனதால் ஸ்லாட்டில் குறை இல்லை.

புதிது மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது, ஆனால் கெட்டது பழையது. இது எப்படி?

சாலிடர் எழுதியது:

16 ஜிபி இருந்தபோது அந்த இடத்தில் விண்டோஸ் வேறு எதையோ வைத்திருந்திருக்கும், அல்லது எதையும் வைக்காமலே இருந்திருக்கும். நான்கு போட்டதும் முகவரி வரிசையே மாறிவிட்டது. நான்கு நிறைந்ததால் சூடும் கொஞ்சம் கூடும், சிக்னலும் கொஞ்சம் பலவீனமாகும். விளிம்பில் இருந்த பிட் தாண்டிவிட்டது. ரேம் புதிதில் மட்டும்தான் கெடும் என்பதும் இல்லை.

கர்னல்பேனிக் எழுதியது:

அதற்கு ஆதாரமும் உண்டு. 2009-இல் டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளின் எட்வார்டோ பின்ஹெய்ரோ, வோல்ஃப் டீட்ரிச் வெபர் மூவரும் கூகுள் சர்வர்களின் இரண்டரை ஆண்டுத் தரவை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் குறைந்தது ஒரு நினைவகப் பிழையாவது வந்திருக்கிறது. ரேம் ஸ்டிக் கணக்கில் 8 சதவீதத்துக்கும் மேல். வயது ஏற ஏற, ஒன்றரை ஆண்டு வாக்கிலேயே, பிழை கூடியது. அதுவரை இந்தப் பிழைகளுக்குக் கதிர்வீச்சைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்வார்கள். 1978-இல் இண்டெல்லின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் சிப்பை மூடிய செராமிக்கில் இருந்த யுரேனியம் போன்றவற்றின் ஆல்ஃபா துகள்கள் பிட்டைப் புரட்டுவதைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் கூகுள் தரவில் மேலோங்கி நின்றது அப்படித் தற்செயலாகப் புரளும் பிட் அல்ல. வன்பொருளே கெட்டு, பிழை காட்டிய ஸ்டிக்கே திரும்பத் திரும்பப் பிழை காட்டியதுதான்.

அந்தச் சர்வர்களில் இசிசி ரேம் இருந்ததால்தான் இதையெல்லாம் எண்ணவே முடிந்தது. 64 பிட்டுக்குக் கூட 8 பிட் வைத்து, ஒரு பிட் தவறினால் திருத்தும், இரண்டு தவறினால் சொல்லும். நம் வீட்டுக் கணினிகளில் அது இல்லை, தவறியது தெரியவே தெரியாது. லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021-இல் இசிசியைச் சாதாரண மக்களுக்குக் கிடைக்காமல் செய்ததாக இண்டெலைக் கடுமையாகச் சாடினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய கணினியிலேயே ஒரு ஸ்டிக் கெட்டது. கர்னலைக் கம்பைல் செய்யும்போது வந்த பிழைகளைப் பார்த்து முதலில் புதிய கர்னலில்தான் குறை என்று நினைத்தார். அவருக்கே அந்தக் குழப்பம் வந்தது என்றால் மற்றவர்களுக்கு வருவதில் வியப்பில்லை.

ஓவர்கிளாக் எழுதியது:

டிடிஆர்5-இல் இசிசி உள்ளேயே வருகிறதே அண்ணா?

கர்னல்பேனிக் எழுதியது:

அது சிப்புக்குள்ளே நடக்கும் திருத்தம். சிப்பிலிருந்து சிபியுவுக்குப் போகும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது, தான் திருத்தியதை நம்மிடமும் சொல்லாது. சர்வர் இசிசி வேறு. டிடிஆர்5 வாங்குபவர்களுக்கு இன்னொரு குறிப்பு: ரேம் மாற்றி மாட்டிய பிறகு முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். மெமரி டிரெய்னிங் நடக்கிறது. பயந்து பவரைப் பிடுங்காமல் காத்திருங்கள்.

கரூர்க்காரன் எழுதியது:

வாரண்டிக்கு அனுப்புவதற்கு முன் ரப்பர் வைத்து காண்டாக்டைத் தேய்த்துப் பாருங்கள். எத்தனையோ ரேம் அப்படி எழுந்து வந்திருக்கிறது.

சாலிடர் எழுதியது:

தொடர்பு சரியில்லாத ரேமுக்கு அது உதவும். கணினி எழவே எழாமல் பீப் அடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன், அதுவும் ரப்பருக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால். ரப்பர் தங்கப் பூச்சைச் சுரண்டும், துகள் ஸ்லாட்டுக்குள் போகும். ஆனால் இந்தத் தம்பிக்கு இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே முகவரியில், ஒரே பிட். தொடர்பு கெட்டால் அந்தத் தடத்தில் போகும் எல்லா முகவரியும் சேர்ந்து பிழை காட்டும், ஒரே இடத்தில் நிற்காது. இது சிப்புக்குள்ளே கெட்டது. தேய்த்துப் பயனில்லை.

வாரண்டிக்கு: பல கம்பெனிகள் ரேமுக்கு லைஃப்டைம் வாரண்டி தருகின்றன. பில்லைத் தேடி எடுங்கள், மெம்டெஸ்ட் சிவப்புத் திரையை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாக வாங்கியது என்றால் பெரும்பாலும் நல்லதையும் சேர்த்து இரண்டையும் கேட்பார்கள். அதுவரை புதிய 8 ஜிபி இரண்டை ஏ2, பி2 ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள்.

ஆல்பம்கடை எழுதியது:

புதிய இரண்டை மட்டும் போட்டு வேலை செய்கிறேன். புளூ ஸ்கிரீன் இல்லை. ஸிப் ஒழுங்காக விரிகிறது.

ஆனால் சாலிடர் அண்ணன் பயந்தது நடந்துவிட்டது. போன மாதம் ஏற்றுமதி செய்த ஜேபெக்குகளில் ஒன்று, தாலி கட்டும் படம். முகங்கள் வரை சரியாக இருக்கிறது. மாப்பிள்ளையின் தோளுக்குக் கீழே படம் அப்படியே பச்சையாகி, ஒரு விரல் அகலம் வலப்பக்கம் நகர்ந்து நிற்கிறது. மெமரி கார்டில் மூலப் படம் இருந்ததால் தப்பித்தேன். இன்னும் எத்தனை இப்படி இருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கர்னல்பேனிக் எழுதியது:

ஜேபெக்கில் அப்படித்தான் ஆகும். சுருக்காத படத்தில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறுவதோடு போகும். ஜேபெக்கில் ஒவ்வொரு துண்டையும் முந்தையதை வைத்துத்தான் விரிக்க வேண்டும். நடுவில் ஒரு பிட் தவறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தடம் புரளும்.

மூலப் படங்கள் மெமரி கார்டில் இருப்பவற்றுக்கு வேலை எளிது. கார்டில் உள்ளதையும் டிஸ்கில் உள்ளதையும் ஷா256 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடுங்கள். பவர்ஷெல்லில் கெட் ஃபைல்ஹேஷ் கட்டளை ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே வரியில் எடுத்துக் கொடுத்துவிடும். ஹேஷ் வேறாக வருவதைக் கார்டிலிருந்து மறுபடி நகலெடுங்கள். நீங்கள் வடிவமைத்துச் சேமித்த கோப்புகளுக்கு ஒப்பிட எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். போன மாதம் நான்கு ரேம் போட்ட தேதியிலிருந்து தொடங்குங்கள், நேரம் இருந்தால் அதற்கு முந்தையதையும் பாருங்கள்.

விண்டோஸும் அந்தக் கெட்ட ரேமை வைத்துப் போட்டதுதான். விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் இரண்டையும் இப்போது ஓட்டுங்கள். ரேம் சரியாவதற்கு முன்னால் டிஸ்கைத் திருத்தும் செக்டிஸ்க் போன்ற எதையும் ஓட்டாமல் இருந்தது நல்லதாயிற்று, திருத்துகிறேன் என்று நல்ல அட்டவணையையும் கெடுத்திருக்கும்.

ஆல்பம்கடை எழுதியது:

ஹேஷ் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரண்டியில் மாற்றித் தந்ததும் நான்கையும் மறுபடி சேர்த்துப் போடலாமா?

சாலிடர் எழுதியது:

வந்த இரண்டையும் முதலில் தனித்தனியாக மெம்டெஸ்டில் ஓட்டுங்கள். மாற்றாக வருவது எப்போதும் புதிதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் நான்கையும் போட்டு எக்ஸ்எம்பி ஆஃபில் ஓர் இரவு. பிழை இல்லை என்றால் வேகத்தைக் கையால் 2666 வைத்து இன்னோர் இரவு. போட்டோஷாப்புக்கு 3200-க்கும் 2666-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட 16-க்கும் 32 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது. நான்கும் சேர்ந்து 2666-இல் சுத்தமாக ஓடினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் வாங்க வைத்திருந்த காசில் வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள் தம்பி. ஆல்பம் முடிந்து வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.